ஸ்பீக்கரில் வந்த குரல்

காலை ஏழே முக்கால் மணிக்கு அந்த லேபில் இருந்தவர்கள்:

அன்னத்தாய், வயது ஐம்பத்திரண்டு. டோக்கன் கொடுப்பவர், தரை துடைப்பவரும் அவரே.
சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.
ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. துணைக்கு அவளுடைய மாமியார்.
நிலோஃபர், வயது இருபத்து நான்கு. ரத்தம் எடுப்பவள்.
அப்ரார், வயது இருபத்தொன்பது. டோக்கன் எண் நான்கு.

போலீஸ் எழுதிய பட்டியல் இவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் ஷார்ஜாவில், ஒரு குளிர்பதனக் கிடங்கின் வாசலில், நைட் ஷிப்ட் முடிந்து வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

லேப் பாளையங்கோட்டையில் இருக்கிறது. நிலோஃபர் அப்ராரின் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடிக் குனிந்திருந்தாள். கத்தி வலது கையில் இருந்தது. கண்டக்டர் எழுந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்ரார் ஓடவில்லை. பட்டை கட்டிய கையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்துதான் அதை அவிழ்த்தார்கள்.

அவன் தங்கியிருந்த வாடகை அறையில், மெத்தைக்கு அடியில், பத்து ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் கிடைத்தன. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, மறுபடியும் சர்க்கரை. இரண்டு மாதத்தில் பத்து. எல்லாம் நார்மல்.

பத்திரிகைகள் ஒருதலைக் காதல் என்று எழுதின. ஒரு வாரம் எழுதின. பிறகு வேறு கொலை கிடைத்துவிட்டது. அப்ராரின் வாக்குமூலத்தில் இருந்த ஒரு வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்க உம்மா எனக்குத்தான் தாரேன்னு சொன்னாங்க. அப்புறம் அம்பாசமுத்திரத்துல வேற மாப்பிள்ளை பேசிட்டாங்க."

அந்த வரியை ஒரே ஒருவன் நம்பினான். நிலோஃபரின் அண்ணன் காஜா முகைதீன்.

காஜாவும் நானும் ஷார்ஜாவில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு நண்பன் என்று சொல்ல அவன் ஒருவன்தான். கொலை நடந்த செய்தி வந்து அவன் விமானம் பிடித்து மேலப்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. வாக்குமூலத்தைப் படித்த நாளிலிருந்து உம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

வாப்பா எப்போதோ மவுத்தாகிவிட்டார். அந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். உம்மா மைதீன் பாத்திமா சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவார். இவன் தின்றுவிட்டு வெளியே போவான். இதையெல்லாம் அவனே எனக்குப் போனில் சொன்னான். தினமும் சாயங்காலம் கூப்பிடுவான்.

"கொன்னது அவன் இல்லலே ரசீத். வாக்குக் குடுத்துட்டு மாத்துனாளே எங்க உம்மா, அவதான்."

நான் 'உம்' கொட்டினேன். ஏழு மாதம் கொட்டினேன். அந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பேர், அடுக்குக் கட்டில்கள். காஜாவுக்குக் கீழ்க்கட்டில். அவனுக்கு மேலே அப்ரார். எதிர்க் கட்டிலில் நான். சாயங்காலம் ஆறு மணிக்குக் காஜா வேலையிலிருந்து வந்து சமையலை ஆரம்பிப்பான். இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்குப் பேசுவான். நான் அப்போதுதான் தூங்கி எழுந்து ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அப்ரார் டீக்கடையில் இரண்டு நேர வேலை பார்த்தான். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் வந்து படுத்திருப்பான். போனில் பெரும்பாலும் நிலோஃபர்தான் பேசுவாள்; அண்ணனைக் காக்கா என்பாள்.

"காக்கா, இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. மீசை மட்டும் அரைக் கிலோ இருக்கும். 'எம்மா, வலிக்குமா'ங்காரு. நான் இன்னும் பஞ்சே வைக்கல, அதுக்குள்ள கண்ண மூடிட்டாரு."

நாங்கள் சிரித்துவிடுவோம்.

"யாரு காக்கா அங்கன சிரிக்கது?"

"ஒருத்தருமில்ல. டிவி ஓடுது."

"டிவிக்கெல்லாம் சலாம் சொன்னேன்னு சொல்லு."

அந்த அறையில் வேறு பெண் குரல் கிடையாது. மற்றவர்களுக்கு வந்த போன்களில் எல்லாம் யாருக்காவது உடம்பு சரியில்லை, அல்லது யாராவது எதையாவது கேட்டார்கள். எனக்குப் போனே வராது. மூன்றாம் வருடத்தில் கல்லூரியை விட்டுவிட்டு வந்தவனோடு பேச என் வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. ஆறு மணி ஆவதற்காக நான் காத்திருப்பேன். இதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு நாள் பிற்பகல் விழிப்பு வந்தபோது அப்ரார் மேல்கட்டிலில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யார்ட்டலே பேசுத?"

"பேசல. கேக்கேன்."

ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினான். நான் எழுந்து போய்க் காதில் வைத்தேன். நிலோஃபர் பேசிக்கொண்டிருந்தாள். அவன் தலைமாட்டில் போனை வைத்து, தினமும் கீழே நடந்த பேச்சைப் பதிவு செய்திருந்தான். தேதிவாரியாக இருந்தது.

"எங்க வீட்ல" என்றான்.

"என்னலே எங்க வீடு? காஜா தங்கச்சிலே அது."

"பேசி முடிச்ச மாதிரிதாம்லே. எனக்குத்தான் தெனமும் சலாம் சொல்லுதா. நீ கவனிச்சதில்லையா?"

அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம். போனைப் பிடுங்கி அழித்திருக்கலாம். காஜாவிடம் சொல்லியிருந்தாலே போதும். நான் கட்டிலின் கம்பியில் சாய்ந்து நின்று, நாற்பது நிமிடம் கேட்டேன். பிறகு இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

அடுத்த மாதம் அப்ராருக்கு விடுமுறை வந்தது. ஊருக்கு யார் போனாலும் மற்றவர்கள் வீட்டுக்குச் சாமான் கொடுத்துவிடுவது எங்கள் ஆட்களிடம் வழக்கம். பெட்டியில் எடை மிச்சமிருந்தால் மறுக்கக் கூடாது. கொண்டுபோனவன் அந்த வீட்டுக்கே போய்க் கொடுப்பான். அவர்கள் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள், பிள்ளை இளைத்துவிட்டானா என்று கேட்பார்கள். கோடாலித் தைலம், பால்பவுடர், தங்கைக்கு ஒரு கைப்பை என்று காஜா ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தான்.

"அப்ரார்ட்ட குடுத்துவிடலாமாலே? பகலெல்லாம் நீங்க ரெண்டு பேருந்தான ரூம்ல இருக்கிய. ஆளு எப்படி?"

"நல்ல ஆளுதான். கொண்டுபோய்க் குடுத்துருவான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்தேன். சிக்கலான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அவன் கிளம்பிய அன்று படிக்கட்டில் வைத்து அவனிடம் நான் சொன்னது இது: "போய்ப் பாத்துட்டு எப்படி இருக்கான்னு சொல்லுலே." அப்ரார் என்னை முறைத்தான். அடுத்தவன் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டவனைப் பார்ப்பதுபோல.

அவன் எனக்குச் சொல்லவே இல்லை. விடுமுறை முடிந்தும் வரவில்லை. கடற்கரைப் பக்கம் இருந்த சொந்த ஊருக்கும் போகாமல் பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிவிட்டான் என்பதைக் கொலைக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஏழாவது மாதம் வேலையை விட்டுவிட்டு என் ஊரான பத்தமடைக்கு வந்தேன். பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. வீட்டில் இருப்பவர்கள் எழும்போது நான் படுத்தேன். ஒரு வாரம் அப்படியே போனது. காஜாவின் வீட்டுக்குப் போகத் துணிச்சல் வராததால், முதலில் லேபுக்குப் போனேன். பிற்பகலில் அங்கே கூட்டமில்லை. அன்னத்தாய் மேசையில் டோக்கன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். காஜாவின் அறைக்காரன் என்று சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பய வந்தாலே நிலோஃபர் எங்கிட்ட வந்து சொல்லும்யா, 'அக்கா, இந்த ஆளு ஒடம்புல ரத்தம் மிச்சம் இருக்கா, மொத்தத்தையும் நாந்தான் எடுக்கேன்'னு. மொதல்ல ரெண்டு பேரும் சிரிச்சோம். பொறவு சிரிப்பு வரல. அவங்க அம்மா ஒரு நா வந்தாக."

"எதுக்கு?"

"அவன் வீட்டுக்கு வந்தப்ப 'எம் மவன் ரூமுக்காரன்'னு ஒரு வாய்ச் சோறு போட்டாகளாம். திரும்பத் திரும்ப வந்து நிக்கவும் வராதேன்னுட்டாக. அதுக்குப் பொறவுதான் இங்கன வர ஆரம்பிச்சிருக்கான். அண்ணனுக்குத் தெரிஞ்சா பதறுவாருன்னு தாயும் மவளும் போன்ல சொல்லலையாம். அந்தா, அந்த வாசப்படியில வச்சு, அந்தம்மா முந்தானைய ஏந்தி நின்னாக. 'நான் உனக்கு ஒண்ணும் சொல்லல வாப்பா, எம் பிள்ளைய விட்டுரு'ன்னு. அவன் என்ன சொன்னாங்கிய? 'நீங்க சம்மதிச்சது எனக்குத் தெரியும் மாமி'ங்கான்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவங்க கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். இத யாரும் கேக்கல."

"வீட்லயாவது போய்ச் சொல்லியிருக்கலாம்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ? பதினோரு வாட்டியும் டோக்கன் கிழிச்சுக் குடுத்தது நாம்லா."

மறுநாள் காலை முன்னீர்பள்ளம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பாளையங்கால் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. மேலப்பாளையத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். நான்கு வருடம் அந்த வீட்டின் சத்தம் முழுவதையும் கேட்டவன் நான். தெரு எது என்று தெரியவில்லை.

காஜா இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஏழு மாதத்தில் அவன் சிரித்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

"வாலே பத்தமடையான்! ஒரேயடியா பாயச் சுருட்டிட்டு வந்துட்டியா? இரி, இரி. அந்தக் குளிர் கிடங்குல கெடந்து மீன் மாதிரி வெளுத்துப் போயிருக்க."

உம்மா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து உள்வாசலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். காஜா திரும்பவில்லை. நானே எழுந்து போய் எடுத்துக்கொண்டேன். டீ ஆறும்வரை அவன் வழக்கைப் பற்றிப் பேசினான். பிறகு உம்மாவைப் பற்றி ஆரம்பித்தான். அடுக்களைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினான்.

"வாக்குக் குடுத்துருக்கா. அவன் சும்மாவா சொல்லுவான்?"

"சும்மாதாம்லே சொல்லுதான்" என்றேன். "உங்க உம்மாவ அவன் கண்ணால பாக்குறதுக்கு முன்னாலயே, நம்ம ரூம்ல வச்சே, 'எங்க வீட்ல'ன்னுதான் சொன்னான். எங்கிட்டதான் சொன்னான்."

காஜா என்னைப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் தொடங்கியிருக்க மாட்டேன். பதிவுகளைச் சொன்னேன். இயர்போனைச் சொன்னேன். நல்ல ஆள்தான் என்று தெரிந்தே சொன்னதைச் சொன்னேன். படிக்கட்டில் கேட்டதையும் விடவில்லை. அன்னத்தாய் சொன்னதைக் கடைசியில் சொன்னேன். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கையைத் தூக்கவே இல்லை.

"எவ்வளவு நேரம் கேட்ட?"

"நாப்பது நிமிஷம்."

"அதுல அவ என்ன பேசுனா?"

"காஜா..."

"எங்கிட்ட அவ குரல் ஒண்ணுகூட இல்லலே. அவன் போனு கோர்ட்ல கெடக்கு. சொல்லு."

சொன்னேன். "மழை வாரதுக்கு முன்னால மாடிக் கொடியில கெடக்க துணிய எடுன்னு உம்மா எங்கிட்ட சொல்லல காக்கா, வானத்துட்ட சொல்லுதா, 'கொஞ்சம் பொறு, எம் மவ எந்திரிச்சு வருவா'ன்னு. நான் போறதுக்குள்ள நனைஞ்சிட்டு. இப்ப மூணு நாளா வீடே நாறுது. நீ கத்திரிக்காயக் கருக்கிட்டியா? சத்தம் மாறுது பாரு, அடுப்பக் குறை. உம்மா கேக்கா, தலைக்கு எண்ணெய் தேய்க்கியான்னு. தேய்க்க மாட்டான்னு நானே சொல்லிட்டேன். வழுக்கை விழட்டும், பொண்ணு பாக்குற செலவு மிச்சம்..."

அவள் நிறுத்தின இடங்களில் நிறுத்தினேன். இழுத்த இடங்களில் இழுத்தேன். எனக்கே தெரியாமல் அப்படி வந்தது. காஜா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"எனக்கு இது ஞாபகமே இல்லலே. நான் காய் நறுக்கிக்கிட்டு இருந்துருப்பேன். நீ ஒரு வரி விடாம வச்சிருக்க."

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"அவனுக்கும் உனக்கும் என்னலே வித்தியாசம்? உனக்குப் பொட்டலம் கெடைக்கல, அவ்வளவுதான?"

"போலீஸ்ல வந்து எல்லாத்தையும் எழுதிக் குடுக்கேன்."

"குடுப்ப. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நில்லு. அதுக்குப் பொறவு என் கண்ணுல படாத. எந்திரி."

எழுந்து போய்ச் செருப்பை மாட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை.

"உம்மா."

அடுக்களையில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உம்மா, இங்கன வா. இவன் போனதும் கதவப் பூட்டு."

மைதீன் பாத்திமா ஈரக்கையோடு வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் தெருவில் இறங்கும்வரை நிலையைப் பிடித்தபடி காத்திருந்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சாவியை இரண்டு முறை திருப்பினார்.