டாக்டர் முகம் போட்ட துணி

உங்கள் முகத்தை யாராவது இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார்களா? எங்கள் டாக்டர் வொங்கானி நியாசுலுவுக்கு அது நடந்தது. ஒருவர் இருவர் அல்ல, நாற்பது பெண்கள்.

போன மழையில் ஆற்றுப்பாலம் அடித்துக்கொண்டு போனபோது, அவர் மரப்படகில் அக்கரைக்குப் போய்ப் பிரசவம் பார்த்தார். ஒரு குழந்தைகூடத் தவறவில்லை. அந்தத் தாய்மார்கள் ஒன்றுசேர்ந்து முசுசு நகரத்தில் சித்தெஞ்சே அச்சடித்து வந்தார்கள். இடுப்பில் சுற்றவும் பிள்ளையை முதுகில் கட்டவும் இங்கே அந்தத் துணிதான். அதில் முகம் போடுவது ஜனாதிபதிக்கும் பிஷப்புக்கும் மட்டும் செய்கிற மரியாதை. நீலத் துணி முழுக்க டாக்டர் சிரித்தார். கீழே கிளினிக் பெயர்.

அந்தப் பெயர்தான் வம்பு. டாக்டர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம். யாரோ புகார் சொல்ல, மருத்துவக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். ஊரில் விளம்பரம் கண்ணில் பட்டால் ஆறு மாதம் லைசென்ஸ் ரத்து.

வியாழன் மதியம் டாக்டர் அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் கிளினிக் முற்றத்துக்குக் கூப்பிட்டார். கிளினிக்கில் மருந்து கொடுக்கிற நான், மேசையருகே உட்கார்ந்து கத்திரியால் கட்டுத்துணி வெட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் துணியத் திருப்பிக் கட்டுங்க."

கருவாடு விற்கும் நியாகோண்ட்வே வாய்விட்டுச் சிரித்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள். "இந்தத் துணிக்கு ஏது உள்பக்கம் டாக்டரே? எப்படித் திருப்பினாலும் நீங்கதான் பல்லக் காட்டிட்டு நிக்கிறீங்க."

"அப்பப் பெட்டியில வச்சுடுங்க."

"நாளைக்குச் சந்தை. புதுத் துணியப் பூட்டி வச்சிட்டுப் பழசக் கட்டிட்டுப் போகவா?"

"கிளினிக்க மூடிட்டா அடுத்த பிரசவத்துக்கு முசுசு வரைக்கும் போகணும்மா," என்றார் டாக்டர்.

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் நிறைமாதமாக இருந்த ஒருத்தி வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

நியாகோண்ட்வே என்னைப் பார்த்தாள். "அந்தக் கத்திரிய இப்படிக் குடு. பெட்டியில வச்சா எவளாவது ஆசப்பட்டு எடுத்துக் கட்டிக்குவா. வெட்டிட்டா வம்பில்ல."

"வெட்டி என்ன பண்ணப் போறீங்க?" என்றார் டாக்டர்.

"பிள்ளைங்களுக்குக் கீழ கட்டப் போறோம்."

"எம் மூஞ்சியவா!"

"என்ன டாக்டரே, பொறந்த அன்னிக்கே எம் பையன் உங்க சட்டையெல்லாம் நனைச்சானே. அப்ப ஒண்ணும் சொல்லலியே?"

முற்றமே சிரித்தது. டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை வெட்டினார்கள்; கிளினிக் பெயர் போட்ட கரை துண்டுதுண்டாகப் போனது.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். ஊர் முழுக்கக் கொடிகளில் பிள்ளைத்துணி காய்ந்தது. ஒவ்வொன்றிலும் டாக்டர். அதிகாரி தெருக்கோடி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "விளம்பரம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எட்டரை மணி பஸ்ஸில் ஏறினார்.