நூற்று ஒன்பதாவது அங்குலம்

1951ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கெர்பாவ் ரோட்டில் தையல்கார ரத்தினம்மாவின் ஒன்பது வயது மகள் அறிவுக்கொடி நின்ற இடத்திலேயே ஓர் அங்குலம் வளர்ந்தாள். அன்று தேக்காச் சந்தையில் முருங்கைக்காய் கட்டு முப்பது காசு. வளர்ந்ததைப் பார்த்தவர்கள் நான்கு பேர்: அவள் தாய், பக்கத்து வீட்டு அன்னம்மா, இரண்டு மாத்தா. போலீஸ்காரர்களை அப்போது எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வோம். சிறுமியின் தகப்பன் மருதப்பன் துறைமுகத் தொழிற்சங்கச் செயலாளர். முந்தின வாரம்தான் அவசரகாலச் சட்டத்தில் அவரை விசாரணை இல்லாமல் பிடித்துப் போயிருந்தார்கள். இம்முறை வந்தது அவருடைய புத்தகப் பெட்டிக்காக. சிறுமி ஒரு புத்தகத்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வந்த இருவரில் சார்ஜன்ட் அதைப் பிடுங்கிக்கொண்டு, இனி இந்த வீட்டில் நீ எதையும் படிக்கக் கூடாது என்றார். அவ்வளவுதான், பாவாடைக் கரை கணுக்காலை விட்டு ஏறிக்கொண்டது. அன்னம்மா அதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அன்னம்மா பார்க்காமல் எங்கள் தெருவில் எதுவும் நடந்ததில்லை.

விஷயம் முதலில் புரிந்தது ரத்தினம்மாவுக்கு. அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும் பெண் அவள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து யார் எதைச் செய்யக் கூடாது என்றாலும் சரியாக ஓர் அங்குலம். எச்சில் துப்பக் கூடாது என்ற பொதுப் பலகைகளுக்கு அவள் அசையவில்லை. வீட்டு உத்தரம் தாழ்வு என்பதால் ரத்தினம்மா அன்றிலிருந்து தன் வாயைக் கட்டிக்கொண்டாள். அடுப்புகிட்ட வராம இருந்தா அம்மாவுக்கு நல்லா இருக்கும் என்பதுதான் அவள் போட்ட அதிகபட்ச அதட்டல். அன்னம்மாவோ, கண்ணேறு என்று முடிவு கட்டி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, கடைசியில் வாய் சும்மா இருக்காமல், "இனிமே வளராதடி" என்று சொல்லிவைத்தாள். அதற்கும் ஓர் அங்குலம் ஆயிற்று.

அடுத்தது தெருமுனைக் கோவில். மருதப்பன் பேரில் அங்கே ஏற்கனவே இரண்டு குற்றங்கள் இருந்தன. சங்க அலுவலகத்தில் ஐயர் இல்லாமல் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தது ஒன்று. பங்குனி உத்திர அன்னதானத்தில், மலவாளி தூக்கும் ஆட்களைக் கூட்டிவந்து முதல் பந்தியில் உட்காரவைத்தது இன்னொன்று. அவர் உள்ளே போனதும் தண்டனை வெளியே இருந்த இருவர் மேல் இறங்கியது. ரத்தினம்மா நிர்வாகக் குழுவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, புருஷனுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். என் முதுகு தையல் மெஷின் முன்னால் மட்டும்தான் வளையும் என்று அவள் சொல்லி அனுப்பினாள். எதையும் தாளில் எழுதினால்தான் செல்லும் என்று நம்புகிற குழு அது. அங்கேதான் தவறு செய்தது. பன்னிரண்டு விதிகளை எழுதி, மேலே சிறுமியின் பெயரையும் போட்டு, செயலாளர் தங்கராஜு வாசலுக்கே வந்து அவளைப் பார்த்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். மணி அடிக்கக் கூடாது. தீர்த்தம் வாங்கக் கூடாது. தேவார வகுப்பில் உட்காரக் கூடாது. இப்படியே போய், பன்னிரண்டாவதை அவர் அண்ணாந்து பார்த்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. ஒரே பிற்பகலில் ஓர் அடி. அத்தனையும் நாடா வைத்து அளந்த கணக்கு.

மாதம் ஒருமுறை தாயும் மகளும் பஸ் ஏறிக் கடலோரச் சிறைக்குப் போவார்கள். வாசலில் பதிவு எழுதும் கிராணி பாலகிருஷ்ணன் பெரிய பேரேட்டைப் புரட்டி, தாயிடம் இல்லையென்று தலையாட்டிவிட்டு, மகளைப் பார்த்து, இந்த மாசமும் நீ உள்ள போகக் கூடாதும்மா என்பார். கெட்ட மனிதர் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னார். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை சொன்னார். உள்ளே மருதப்பனிடம் வேறு கதை சொல்லப்பட்டது. பெண்டாட்டியும் பிள்ளையும் உன்னைக் கைகழுவிவிட்டார்கள், அதனால்தான் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. செய்ததெல்லாம் தப்பு என்றும், கூட இருந்த பத்துப் பேர் இன்னார் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விடுதலை, இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல். வெளியே வந்த ஒருவர் இதை ரத்தினம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று அவள் தைத்த ரவிக்கைகள் எல்லாமே ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மருதப்பன் அதை நம்பிவிட்டால் பத்து வீட்டில் விளக்கு அணையும், அதன் பிறகு இவர்கள் கெர்பாவ் ரோட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் பெண் வளர்ந்துகொண்டே இருந்தாள். இயல்பாக வளர்ந்தது ஐந்தடி; மற்றவர்கள் சொல்லி வளர்ந்தது தனி. பள்ளியும் சந்தையும் தம் பங்குக்குச் சொன்னதையும் சேர்த்து, ரத்தினம்மா அங்குலம் அங்குலமாக ஒரு நோட்டில் குறித்துவைத்தாள். 1955இல் குனிந்தாலும் தலை உத்தரத்தில் இடித்தபோது, மாடியில் குடியிருந்த துணிக்கடை அப்துல் கஃபார் தன் வீட்டுத் தரைப் பலகை நான்கைத் தானே ஆள் வைத்துப் பெயர்த்தார். அன்று முதல் அறிவுக்கொடியின் தலை கஃபார் பாய் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அவர் அதன் முன்னால் ஒரு முக்காலி போட்டு, நாளிதழும் புத்தகமும் விரித்துவைப்பார். சார்ஜன்ட் சோதனைக்கு வந்து, இந்த வீட்டில் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேனே என்று பாயிடம் கேட்டார்.

"உடம்பு அவங்க வீட்டுல, தலை என் வீட்டுல. படிக்கிறது எது லா?" என்றார் பாய்.

சார்ஜன்ட் ஏணியில் ஏறிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார், பிறகு தேநீர் குடித்துவிட்டுப் போனார். பாவாடைத் துணிக்கு மட்டும் பாய் கணக்கு வைக்கவே இல்லை.

1956 மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை கையெழுத்துக்குக் கடைசி நாள் என்றும், திங்களன்று கப்பல் என்றும் செய்தி வந்தது. வெள்ளியன்று தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். கிராணி வழக்கம்போலச் சொன்னார். ரத்தினம்மாவின் நோட்டில் அது நூற்றெட்டாவது. அறிவுக்கொடி மதிலைச் சுற்றிக் கடல் பக்கம் நடந்தாள். மதில் சற்றுத் தாழ்ந்த ஓர் இடத்தில் நுனிக்காலில் எம்பினாள். கண்கள் மதிலுக்கு மேலே வந்தன.

உள்ளே முற்றத்தில் ஒரு மேசை, அதன் மேல் தாள், எதிரே வெள்ளைக்கார அதிகாரி. நரைத்துப்போன மருதப்பன் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். காவலாளி அவளைக் கண்டு விசில் ஊதினான். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. மருதப்பன் நிமிர்ந்தார். ஐந்தாண்டாக வாசல்படிகளுக்கும் உத்தரங்களுக்கும் வளைந்து வளைந்து பழகிய அறிவுக்கொடியின் கழுத்து, விசில் சத்தத்துக்குத் தானாகத் தாழத் தொடங்கியது.

"குனியாத, கண்ணு," என்றார் மருதப்பன்.

வீட்டு மனிதர் ஒருவர் அவளிடம் எதையும் கூடாது என்றது அதுவே முதல் முறை. அந்த அங்குலத்தில், ரத்தினம்மா பிடிவாதமாகக் குத்திவைத்த மூக்குத்தி மதிலைத் தாண்டி வந்து வெயிலில் நின்றது. மருதப்பன் பேனாவை மூடி, மரியாதையாக அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தார். அது யார் என்று அதிகாரி கேட்டார்.

"என் மக. கொஞ்சம் வளந்துட்டா."

திங்களன்று கப்பல் அவரில்லாமல் போனது. ஏற்றி அனுப்பினால் மகள் கடலில் நடந்தே பின்னால் போய்விடுவாள் என்று யாரோ கோப்பில் எழுதிவைத்தார்களாம். இது அன்னம்மா சொன்னது. 1959இல் மருதப்பன் வீடு வந்தார். பத்துப் பேரில் எட்டுப் பேர் மாலையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள், இருவருக்கு அன்று ஷிஃப்ட். 1963 கும்பாபிஷேகத்துக்குக் கோவில் வாசலைப் பதினாறு அடிக்கு உயர்த்திக் கட்டினார்கள். காற்றோட்டத்துக்காக என்று தங்கராஜு விளக்கம் சொன்னார், யாரும் கேட்கவில்லை. அறிவுக்கொடி நிமிர்ந்தபடி உள்ளே போய் மணி அடித்தாள். மருதப்பன் உள்ளே வரமாட்டார், வெளியே நின்று கச்சான் பூத்தே, அதாவது வறுத்த கடலை, கொறித்தார். மலவாளி தூக்கியவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். தங்கராஜுவே சாம்பார் வாளியோடு வந்தார், ஊற்றியது தாராளமாகத்தான்.

பிற்பாடு அவள் ஆசிரியை ஆனாள். அடையாள அட்டைக்கு வந்த குமாஸ்தா, உயரம் பதினான்கு அடி ஓர் அங்குலம் என்று எழுதி, மை உலர ஊதி, அடுத்தவரைக் கூப்பிட்டார். தீபாவளிக்குத் தெருவின் குறுக்கே தோரணம் கட்ட எங்களுக்கு ஏணி தேவைப்படவில்லை. இன்றும் கெர்பாவ் ரோட்டில் ஒரு பெண்பிள்ளையிடம் எதையாவது கூடாது என்று சொல்லப்போகிறவர்கள், முதலில் வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது வழக்கம்.