ஆறு வருட அனுபவம் அவசியம்

பக்கவாதம் வந்தவர்கள் எச்சிலைச் சரியாக விழுங்குகிறார்களா என்று பார்க்கும் கழுத்துப் பட்டையை உருவாக்கியவள் அவள். அதனால் பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பட்டை அக்கா என்றே பெயர். ஆறு வருடமாகப் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு பார்க்கும் தற்காலிக ஆராய்ச்சி வேலை. வருடா வருடம் நீட்டித்து வந்த வேலையை இனி நீட்டிக்க விதி இடம் தரவில்லை. விளம்பரம் போட்டுப் புதிதாகத்தான் ஆள் எடுக்க வேண்டும்.

"சும்மா சம்பிரதாயம்மா," என்றார் அவள் லேபை நடத்தும் பேராசிரியர். "விளம்பரத்தை நீயே எழுதிடு. உன்னைத் தவிர ஈ, எறும்புகூட உள்ள வரக்கூடாது."

இந்த வேலை போனால் வேறு ஊர்தான். மகளை இப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். இனி வீடு மாற்ற என்னால் ஆகாது, போவதென்றால் நீ மட்டும் போ என்று கணவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஆகவே நான்கு நாள் உட்கார்ந்து, தன் அளவுக்குத் தைத்த ரவிக்கை மாதிரி அந்த விளம்பரத்தை எழுதினாள். பொறியியலில் முனைவர் பட்டம், நரம்பியல் வார்டில் வேலை செய்த பழக்கம், கழுத்துப் பட்டையில் ஆறு வருட அனுபவம்.

"ரெண்டு வருஷம்னு போட்டா போதாதா?" என்றான் கணவன்.

"ரெண்டுன்னா எதிர் லேப் தம்பிகூட ஏதாவது கணக்குக் காட்டி வந்து நிப்பான்."

கடைசித் தேதி முடிந்தபோது வந்திருந்தது ஒரே விண்ணப்பம், அவளுடையது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் ஆள்சேர்ப்புப் பிரிவு எழுத்தர் கூப்பிட்டார்.

"மூணு பேராவது வந்தாத்தான் மேடம் நேர்காணல். இல்லேன்னா போட்டியே இல்லைன்னு பதவியை ரத்து பண்ணிடுவாங்க. இன்னும் ஒரே ஒரு தடவை விளம்பரம் போடலாம். யாரு எழுதினாங்களோ, ரொம்பக் கறாரான ஆளு."

"விசாரிக்கிறேன்," என்று அவள் போனை வைத்தாள்.

இரண்டாவது விளம்பரத்தில், அனுபவம் இல்லாவிட்டாலும் கற்கும் ஆர்வம் போதும் என்று தாராளமாக எழுதினாள். அப்படியும் ஆள் வருவார்களோ மாட்டார்களோ என்ற பயம். பழைய தோழி ஒருத்தியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள். மூன்றாவது ஆளுக்காகக் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எதிர் லேப் வாசலில் போய் நின்றாள்.

"பேருக்குத்தான் தம்பி. நேர்காணலுக்கு வந்து தலையைக் காட்டு, போதும்."

"பட்டையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா."

"அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

அவன் விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து பிழை திருத்தினாள். அரைகுறை என்று தள்ளிவிட்டால் மீதி இரண்டு பேர்தானே.

நேர்காணல் குழுவில் எல்லோரும் வெளியாட்கள். "ஆறு வருஷமா ஒரே பட்டைதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னாள். வேலை எதிர் லேப் தம்பிக்குப் போனது. புதிய பார்வை தேவை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

"குழு முடிவு பண்ணிடுச்சு, நான் என்னம்மா பண்றது?" என்றார் பேராசிரியர். "மாசக் கடைசி வரைக்கும் இருப்பேல்ல, அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்துட்டுப் போ."

மறுநாள் அவன் பட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"எதுவும் தெரியாதுன்னு உண்மையைத்தான்க்கா சொன்னேன். கத்துக்க ஆசைன்னேன். அது அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு."

அவள் பட்டையை வாங்கித் தன் கழுத்திலேயே மாட்டிக் காட்டினாள். எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது, எல்லோரையும்விடத் தன் மேல். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

பட்டையோடு இணைத்த திரையில் ஒரு கோடு எழுந்து இறங்கியது.

"நல்லா வேலை செய்யுதுக்கா," என்றான் அவன்.