பாலத்தின் மேல் கல்யாணச் சமுக்காளம்

உறுவையாற்று வாய்க்காலின் மரப்பாலம் உளுத்துப்போனதில், அக்கரைக் கரும்பை இக்கரை ஆலைக்குக் கொண்டுவர வண்டிக்கு வழியில்லை. போன தையில் குழந்தைவேலின் கரும்பு பாதி வயலிலேயே சுக்காய்க் காய்ந்தது. இந்தத் தையும் அப்படியானால் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணத்துப் பஞ்சாலைக்குப் போகவேண்டியதுதான்.

புதுப் பாலத்துக்குப் பிரெஞ்சு சர்க்கார் மானியம் தரும், இஞ்சினீர் துரை வந்து பார்த்தால் போதும் என்று சேதி வந்தது. குழந்தைவேல் அம்மனுக்குப் பொங்கல் வைத்தான். கொம்மூன் என்கிற ஊராட்சிக்குத் தலைவரான மேர் பச்சையப்பன் பந்தல் போட்டு, நாயனக்காரனையும் வரவழைத்தார். துரை வரும் இடம் மூளியாய்க் கிடந்தால் கொம்மூன் மானம் என்னாவது? உளுத்த பலகைமேல் பனமட்டை பரப்பி, அதன்மேல் தம் வீட்டுக் கல்யாணச் சமுக்காளத்தை விரித்தார். நாற்காலி, இளநீர் எல்லாம் அக்கரையில், தம் மாந்தோப்பு நிழலில்.

"ஓட்டைய மூடிட்டா தொரை இன்னாத்தப் பாப்பாரு, மேரய்யா?" என்றான் குழந்தைவேல்.

"விருந்தாளிக்குக் கிழிஞ்ச பாயையாடா விரிப்பே?"

"ஏறினா ஒடஞ்சிடுமே!"

"தொரை ஒல்லிதான். தாங்கும், போடா."

துரை வந்தார். சமுக்காளத்தைப் பார்த்தார், தலையாட்டினார். கூட வந்த துபாசி தமிழில் சொன்னார்: "பாலம் பிரமாதமாம். மானியத்த வேற ஊருக்குக் குடுத்துடலாங்கறாரு."

பாராட்டு என்றதும் மேர் கும்பிட்டுவிட்டார். "போச்சு. இனிமே சமுக்காளத்து மேலதான் வண்டி ஓட்டணும்" என்று முணுமுணுத்தாள் குழந்தைவேலின் பெண்சாதி தையலம்மாள்.

பிறகு துரை பாலத்து முகப்பில் ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றி, கையை நீட்டினார். மேர் முதலில் போகவேண்டுமாம். அது அவர்கள் நாட்டு மரியாதை.

"ஐயையோ, தொரைதான் மொதல்ல!"

துரை அசையவில்லை. மேர் சமுக்காளத்தைப் பார்த்தார். தம் தொந்தியைப் பார்த்தார். புதுச் செருப்பைக் கழற்றித் தலையாரியிடம் கொடுத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, மார்பில் மேருக்குரிய மூவர்ணப் பட்டையோடு வாய்க்காலில் இறங்கினார். வழக்கம்போல ஊரும் பின்னாலேயே இறங்கியது. நாயனக்காரன் நாயனத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான்.

கரையில் துரையும் துபாசியும்தான் மிச்சம். துரை கைத்தடியால் சமுக்காளத்தை ஒரு குத்து குத்தினார். தடி பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. குந்தி உட்கார்ந்து சமுக்காளத்தை விலக்கினார். பலகை இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்ற மேரையும் பார்த்தார். அப்புறம் சிரிப்பை அடக்கமாட்டாமல் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"மானியம் உண்டாம்!" துபாசி கத்தினார். "தை அறுப்புக்கு முன்னாடி வண்டி போறாப்ல பாலமாம்!"

"பாத்தீங்களாடா?" தண்ணீருக்குள்ளிருந்து மேர் மார்தட்டினார். "எறங்கிக் காட்டினாதான் தொரைக்குப் புரியும்னு எனக்கு அப்பவே தெரியும்!"

குழந்தைவேல் அவரைக் கைகொடுத்துக் கரையேற்றினான். "ஆமா மேரய்யா, நீங்க எறங்கலன்னா ஏது பாலம்?" என்றான். கேலி இல்லை. கரும்பு பிழைத்த சந்தோஷத்தில் அவன் யாரை வேண்டுமானாலும் புகழ்ந்திருப்பான்.

தையலம்மாள் அதற்குள் தோப்புக்குப் போய் துரையின் இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.