பேக்கரியில் வருகிற பே

சிந்து ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். உள்ளே என்ன என்று அவள் கேட்கவில்லை. அவள் பிறந்தநாளுக்கும், பரீட்சை ரிசல்ட்டுக்கும், ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த வீட்டுக்குள் வருவது ஒன்றே ஒன்றுதான். பேடா.

"சாயந்திரம் சீக்கிரம் வந்துடும்மா. வெளிச்சம் இருக்கறப்பவே மாடியில வச்சு எடுத்துடலாம்."

"பாக்கலாம்பா."

"என்ன பாக்கலாம்? நான் அவங்ககிட்ட சரின்னு சொல்லிட்டேனே!"

அவங்க என்றால், ஒரு காலத்தில் எல்லார் போனிலும் சுற்றிய முகங்களைத் தேடிப்பிடித்து, 'அன்று இப்படி, இன்று எப்படி' என்று வீடியோ போடுகிறவர்கள். அவர்கள் கூப்பிட்ட நாளிலிருந்து அப்பா பாலசுப்ரமணியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தின் ஏசிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. ஆட்களைப் போனில் கன்னடத்தில் விரட்டுகிற விரட்டலுக்கு நடுவிலும் 'பேடா பாப்பா என் பொண்ணுதான்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். சிந்து சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். பிடிக்கவில்லை என்பது அப்பாவிடம் காரணமாகாது. ஊரே ரசிச்சுதேம்மா என்பார்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. ஆரணியிலிருந்து ஈஜிபுராவுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணும் மூக்கும் ஒழுக ஒரு கையை நீட்டிக்கொண்டு "பேடா, பேடா" என்று கதறுகிறாள். அப்பா சிரித்துக்கொண்டே படம்பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார். சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் அதை ஊர் உலகத்துக்கு அனுப்பினார்கள். பிறகு எந்தப் புண்ணியவானோ சத்தத்தை உதறிவிட்டு, முகத்தை மட்டும் வெட்டி ஸ்டிக்கராக்கி, கீழே 'பேடா வேணும்' என்று எழுதிவிட்டான். யாருக்கு வேலை கிடைத்தாலும், கல்யாணம் நிச்சயமானாலும், ட்ரீட் கேட்க அந்த மூக்கொழுகி முகம்தான் முதலில் வந்து நிற்கும்.

பழைய ஸ்கூலில் அதுவே அவள் பெயராகிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு பக்கமிருந்தும் கை நீளும், பின்னாலேயே பொய்யழுகை வரும். மேத்ஸ் மிஸ் சரியில்லை என்று சாக்குச் சொல்லி, அடம்பிடித்து, அடுகோடிப் பக்கம் இந்த ஸ்கூலுக்கு மாறினாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற உலகம்தான். ஆனாலும் அந்த மொட்டைத் தலைக்கும் இந்த இரட்டைப் பின்னலுக்கும் இங்கே யாரும் முடிச்சுப் போடவில்லை. கிளாஸ் குரூப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், அம்மாவின் போனை வாங்கி அவளே முதல் ஆளாக அந்த ஸ்டிக்கரை அனுப்பிவிடுவாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். இன்று சாயங்காலம் அந்த வீடியோவை எடுத்துவிட்டால், இந்த ஸ்கூலும் போயிற்று.

போனும் இன்டர்நெட்டும் குழந்தைப் பருவத்தை என்ன செய்கின்றன என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே ஆராய்ந்து பார்க்க, இந்த வருடம் சனிக்கிழமைகளில் ஒரு பாடம் புதிதாக வந்திருந்தது. எடுப்பவர் ஆரோக்கியமேரி மிஸ். தினமும் கேஜிஎஃப்பிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். பாதி வகுப்பு தமிழ் பேசுகிறது என்பதால் இங்கிலீஷில் தொடங்கித் தமிழில் முடிப்பார். போன வாரம் ஒரு பிஸ்கட் விளம்பரத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். இந்த வாரமும் அப்படி ஏதாவது இருக்கும் என்றுதான் சிந்து நினைத்திருந்தாள்.

"இன்னிக்கு உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு குழந்தைய எடுத்துக்கலாம்," என்றார் மிஸ். ப்ரொஜெக்டர் போட்டதும் சுவரில் சிவப்பு நாற்காலி வந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"மொதல்ல சத்தம் இல்லாம பாருங்க. பாத்தத மட்டும் சொல்லணும். நெனச்சத சொல்லக் கூடாது."

வீட்டில் அந்த வீடியோ ஓடும்போதெல்லாம் சிந்து பாத்ரூமுக்குப் போய்விடுவாள். இங்கே எங்கே போவது? பென்சிலைக் கடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கையைப் பார்த்தாள். கேட்கிற கை மல்லாந்து இருக்கும். இந்தக் கை நிமிர்ந்து நிற்கிறது. சிக்னலில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி, உள்ளங்கை நேராகப் போனைப் பார்த்திருக்கிறது. இதை ஏன் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இப்ப கண்ண மூடிட்டு சத்தம் மட்டும் கேளுங்க."

குழந்தையின் அழுகைதான் முதலில் வந்தது. பிறகு அப்பாவின் குரல், இப்போதைவிட இளசாக. "என்ன வேணும் என் செல்லத்துக்கு? பேடாவா?" மறுபடி அழுகை. பக்கத்திலிருந்த தீபிகா சட்டென்று கண்ணைத் திறந்தாள். வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவள் அவள், இரண்டையும் கலந்தடிப்பாள்.

"மிஸ், அது ஸ்வீட் கேக்கல. கன்னடத்துல பேடா அந்தா இதாளே! வேணாங்குது!"

"பேடாதானேம்மா? ஸ்டிக்கர்ல எழுதியே இருக்கே."

"தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான் மிஸ். நல்லா கேளுங்க. பேப்பர்ல வர்ற பே இல்ல. பேக்கரில வர்ற பே."

மிஸ் இன்னொரு முறை போட்டார். அதன்பிறகு அந்த வகுப்பில் யாராலும் அதை வேறு மாதிரிக் கேட்க முடியவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று ஒரு குழந்தை கதறிக்கொண்டிருந்தது.

சிந்துவுக்குக் கீழ்வீட்டு முத்தம்மா ஞாபகம் வந்தார். அம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போக, பகல் முழுக்க அவளை வைத்துக்கொண்டது முத்தம்மாதான். அவருக்குக் கன்னடம் தவிர வேறு பாஷை வராது. அவரிடமிருந்துதான் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் கேட்டது இனிப்பே இல்லை. இத்தனை வருஷமும் தான் ஒரு தீனிப்பண்டாரம் என்று அவளே நம்பியிருந்தாளே! சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை.

"அப்ப அந்த அப்பன் என்ன லூசா மிஸ்?" பின்பெஞ்சிலிருந்து ரகு கத்தினான். "கொழந்த வேணாங்குது, சிரிச்சிக்கினு எடுக்கறான். வியூஸுக்குத்தான் எடுத்திருப்பான்."

"அவருக்கு அப்ப கன்னடம் தெரியாது!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். சொன்ன பிறகுதான் தான் எழுந்து நிற்பதே சிந்துவுக்குத் தெரிந்தது. மிஸ் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார். லேப்டாப்பை மூடப் போன கை தவறி எதிலோ பட, சுவரில் இன்னொரு முறை அழுகை தொடங்கியது.

"சாரிம்மா. நான்... எனக்குத் தெரியாது," என்றார் மிஸ். பிறகு, பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தும், "சரி, எல்லாரும் கிளம்புங்க," என்றார். பின்னால் எவனோ பொய்யாக மூக்கை உறிஞ்சினான். தீபிகா திரும்பி முறைத்தாள். நிறுத்திவிட்டான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் சிந்து நின்றுகொண்டே வந்தாள். அப்பாவுக்கு அப்போது தெரியாது, சரி. இப்போது? தினமும் போனில் யாரிடமாவது "ஈக பேடா, நாளே பன்னி" என்கிறார். இப்போது வேண்டாம், நாளைக்கு வா என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அந்த வீடியோவை ஒருதரம்கூடக் காது கொடுத்துக் கேட்கத் தோன்றவில்லையா? இல்லை, கேட்டுவிட்டுத்தான் பேசாமல் இருந்தாரா? கேட்கவே இல்லை என்றால் கோபம் வந்தது. கேட்டிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மாடியில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தார். கொடியில் காய்ந்த துணிகளை ஓரமாக ஒதுக்கி, யாரிடமோ கேட்டு ஒரு சிவப்பு நாற்காலியை வாங்கிப் போட்டிருந்தார். ஒரு கையில் திறந்த ஸ்வீட் பாக்ஸ், மறு கையில் போன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்கு வேதனையாக இருந்தது.

"உக்காரும்மா. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும், சரியா? ரெடி." குரலைக் குழைத்துக்கொண்டார். "என்ன வேணும் என் செல்லத்துக்கு? பேடாவா?"

சிந்து கையைத் தூக்கினாள். உள்ளங்கை அப்பாவைப் பார்த்திருந்தது.

"பேடா."

"சூப்பர்! இன்னொரு தடவ, கொஞ்சம் அழற மாதிரி."

"பேடா அப்பா," என்றாள். முத்தம்மா பேசுவதுபோல, நிதானமாக, பேக்கரியில் வருகிற பே. "வீடியோ பேடா."

அப்பாவின் வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது. போன் கீழே இறங்கவில்லை. அதன் விளிம்புக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் எழும்பி, திரையை விட்டு அவளைப் பார்த்தன. மறு கையில் ஸ்வீட் பாக்ஸ் மெல்லச் சாய்ந்து, ஒரு பேடா உருண்டு சிமென்டுத் தரையில் விழுந்தது. இருவரில் யாரும் குனியவில்லை. நீட்டிய கை வலிக்கத் தொடங்கியிருந்தது. சிந்து அதை இறக்காமல் வைத்திருந்தாள்.