ஆணியில் மாட்டிய குவளைகள்

பல்கலைக்கழகத்தில் வணிகப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே லோசலீனி மேடம் சொல்லிவிட்டார். எழுத்துத் தேர்வு கிடையாது. மூன்று பேர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து, தெருவில் நின்று விற்க வேண்டும். பருவம் முடிவதற்குள் முன்பின் தெரியாத பத்துப் பேராவது இரண்டாம் முறை வந்து வாங்க வேண்டும். முதல் முறை வாங்குவது கணக்கில் சேராது.

"ஏன் மேடம் சேராது?" என்று என் பக்கத்தில் இருந்த விலிமோனி கேட்டான்.

"வித்துப் பாரு, தெரியும்."

எனக்கு இது விளையாட்டில்லை. ஒரு பாடத்தில் தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும். என் ஊர் லம்பாசாவில் அப்பாவின் இடுப்பு போன பிறகு கரும்பு வெட்டும் கும்பலில் அவர் இடத்தில் என் தம்பி ரொனில் நிற்கிறான். நான் தோற்றால் அவன் பக்கத்தில் இன்னொரு கத்தி சேரும். கரும்பு வெட்டுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் எரித்த வயலின் கரியை ராத்திரி மூக்கிலிருந்து சிந்தி எடுத்தவன் எவனும் அதைப் பெருமையாகப் பேச மாட்டான்.

நான், விலிமோனி, எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் கெலேரா. ரேவா ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண். யோசனை அவளுடையது. சீமைப்பலா காய்க்கும் காலத்தில் பாதி மரத்தடியிலேயே அழுகிப் போகிறது. அதைக் காயவைத்து மாவாக்கி பிஸ்கட் சுடலாம் என்றாள். அவள் ஊர் தேவாலயத்துச் சமையல்கட்டில் சுட்டோம். முதல் பிஸ்கட்டை நான்தான் கடித்தேன்.

"பல்லு போயிடும் போல இருக்கே."

"உனக்கு எதைக் குடுத்தாலும் குறைதான், அவிகேஷ். ஊர்ல கேட்டுப் பாப்போம்" என்றாள் கெலேரா.

கேட்டோம். ஊர்க் கூடத்தில் பாய் விரித்து, அத்தைகள், சித்திகள் எல்லோரையும் உட்கார வைத்துக் கொடுத்தோம். சாப்பிட்டார்கள். "வினாகா, வினாகா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார்கள். கெலேரா ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டாள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் ஒரு நாய் எங்கள் பிஸ்கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"பாரு" என்றேன்.

"நாய்க்குக்கூடப் பிடிச்சிருக்குடா மச்சான்" என்றான் விலிமோனி.

நௌசோரி பேருந்து நிலையத்தில், சந்தை வாசல் தூணோரம் கால்களும் மேல்சட்டமும் வைத்த ஒரு பலகை போட்டு விற்றோம். விடிவதற்கு முன்பே சந்தைக்காரப் பெண்கள் வந்துவிடுவார்கள். பிறகு ஓட்டுநர்கள், பிறகு தலைநகர் சுவாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சிரித்தார்கள், வாங்கினார்கள், நன்றி சொன்னார்கள். மறுநாள் அதே ஆட்கள் தூணுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். கெலேரா உறையின் நிறத்தை மாற்றினாள். மாற்றிய உறையையும் ஒருமுறைதான் வாங்கினார்கள். பருவம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. இரண்டாம் முறை வந்தவர் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் சேப்பங்கீரை விற்கும் அகெனெதா வந்தாள். பொழுதுபோகாமல் விலிமோனியிடம் எந்த ஊர் என்று கேட்டாள். அவன் தன் தீவின் பெயரைச் சொன்னான். கூடையைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"அட எலி தின்னிகளா! நீங்க சமைக்கவும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நீங்க பச்சையாத் தின்னதப் பாக்கச் சகிக்கல கிழவி. அதான் நாங்க அடுப்பு மூட்டினோம்."

அவள் ஊரும் அவன் தீவும் தௌவூ. ஒரே குலதெய்வத்தின் வழிவந்தவர்கள் என்று பேர். ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம். கோபப்பட்டவன்தான் மானம் கெட்டவன். அவள் காசு கொடுக்காமல் ஒரு பொட்டலத்தைப் பிய்த்துக் கடித்தாள்.

"இது பிஸ்கட்டா, உங்க தாத்தன் படகு ஓட்டைய அடைச்ச பிசினா? போன வாரமே வாங்குனேன். தொண்டைல இறங்கல. பன்னிக்குப் போட்டேன். பன்னி என்னையே பாத்துச்சு."

கெலேராவின் முகம் வாடிவிட்டது. "அத்தை, வாங்குன அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

அகெனெதா அவள் பக்கம் திரும்பினாள். குரலே வேறாகிவிட்டது. "நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள் மென்மையாக. சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒரே வாய்தான். இரண்டு பதில். "உங்க ஊர்லயும் இப்படித்தான்" என்றேன்.

கெலேரா பிஸ்கட் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "அப்ப எங்க ஊரே பொய் சொல்லுச்சுன்னு சொல்றியா?"

"பொய் சொல்லல. மரியாதை குடுத்தாங்க. அந்த மரியாதைய வச்சுக்கிட்டு நான் தேற முடியாது."

அவள் எழுந்து மீதிப் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கினாள். மறுநாள் காலை அவளே விலிமோனியைச் சந்தைக்குள் தள்ளினாள்.

"போ. உன் ஊர்ப் பேரைக் கத்திக்கிட்டே நட. யாரு திட்டுறாங்களோ அவங்ககிட்ட பிஸ்கட்டக் குடு."

அவளும் சும்மா இருக்கவில்லை. மச்சான் முறைக்காரர்களும் அப்படித்தான் கூசாமல் கிண்டல் செய்வார்கள். பேருந்து ஓட்டுநர்களில் தன் தாய்மாமன் மகன் ஒருவனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். "இதத் தின்னுட்டு வண்டி எடுத்தா, விக்கல்ல பஸ்ஸு ஆத்துக்குள்ள போயிடும்டி" என்றான் அவன். அரை நாளில் கூடை நிறைய வசவு சேர்ந்தது. வசவெல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. விடியற்காலை, காய்ந்த தொண்டை, அதில் இது இறங்கவில்லை.

கரும்பு வயலில் நேற்றைய ரொட்டியைத்தான் தின்போம். அதுவும் பலகை மாதிரி விறைப்புதான். ஆனால் அதைக் குறை சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் யாரும் அதைத் தேநீர் இல்லாமல் தின்றதில்லை.

"டீ போடணும்" என்றேன்.

"நாம பிஸ்கட் கம்பெனி, டீக்கடை இல்ல" என்றாள் கெலேரா.

"இப்ப நாம எந்தக் கம்பெனியும் இல்ல."

விலிமோனி சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளும்.

தேவாலயத்துப் பெரிய கெட்டிலில் எலுமிச்சை இலைத் தேநீர் போட்டோம். பிஸ்கட்டில் தேங்காய்ப்பால் சேர்த்தோம். முதல் நாள் கெட்டில் சாய்ந்து விலிமோனியின் கால் வெந்தது. இரண்டாம் நாள் குவளை போதவில்லை. நான் கழுவிக் கொடுப்பதற்குள் பேருந்து வந்துவிடும், ஆட்கள் ஓடிவிடுவார்கள். எல்லாம் கைவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அகெனெதா தன் வீட்டுக் குவளையோடு வந்தாள். குடித்து முடித்ததும் விலிமோனியை அழைத்து, பக்கத்துக் கடையில் சுத்தியல் வாங்கி வரச்சொல்லி, எங்கள் பலகைக் காலில் ஓர் ஆணி அடிக்க வைத்தாள். குவளையை மாட்டினாள்.

"இது என் ஆணி. எவனாவது தொட்டீங்க, கைய முறிச்சிருவேன்."

மறுநாள் அந்த ஓட்டுநர் தன் குவளையைக் கொண்டுவந்தான். அவனைப் பார்த்து நடத்துநர், அவரைப் பார்த்து மீன் விற்கும் பெண்கள். எங்களுக்கு உறவோ முறையோ இல்லாதவர்கள்கூட ஆணி கேட்டார்கள்.

கடைசி வாரம் லோசலீனி மேடம் வந்தார். கெலேரா இரண்டாம் முறை வந்தவர்களின் கணக்கு எழுதிய கைபேசியை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பலகைக் காலைப் பார்த்தார். விளிம்பு உடைந்த குவளை, ரக்பி அணியின் படம் போட்டது, கம்பியால் கைப்பிடி கட்டிய ஜாம் பாட்டில். மாட்ட இடமில்லாமல் மேல்சட்டத்துக்கும் ஆணி ஏறியிருந்தது.

"எனக்கும் ஒரு டீ."

"குவளை எங்க மேடம்?" என்றான் விலிமோனி.

"கொண்டு வரலியே."

"அப்ப நீங்க முதல் முறை. கணக்குல சேராது."

நான் அவன் காலை மிதித்தேன், வெந்த கால் என்பதை மறந்து. மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் அகெனெதா வந்து தன் குவளையை எடுத்தாள். பிஸ்கட்டை நனைத்து வாயில் போட்டாள்.

"இன்னும் மோசமாத்தான் இருக்கு, எலி தின்னி. ரெண்டு குடு." மேடத்தை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் வாத்தியாரம்மாவா? இவனுங்களுக்கு மார்க்குப் போடாதீங்க. கெட்டுப் போயிடுவானுங்க."

மறுநாள் காலை மேடம் ஒரு நீலக் குவளையோடு வந்து ஆணி கேட்டார். நான்தான் அடித்தேன்.

சாயங்காலம் ரொனிலைக் கூப்பிட்டேன். வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான்.

"தேறிட்டேன்டா."

அந்தப் பக்கம் அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு, "அந்த பிஸ்கட்டு எப்படிண்ணே இருக்கும்?"

"கெட்டியா இருக்கும். டீயில நனைச்சுத் தின்னணும்."

"நம்ம பழைய ரொட்டி மாதிரியா?"

"ஆமா."

"இதுக்காண்ணே யுனிவர்சிட்டி வரைக்கும் போன?"