அடுத்த மேசை

அப்பா இந்த நாட்டுக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. கையில் அறுவை சிகிச்சைப் பட்டம், இடுப்பில் அண்ணன், பக்கத்தில் அம்மா. பட்டத்தை இங்கே யாரும் மதிக்கவில்லை. மூன்று வருடம் ஒரு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டே எல்லாத் தேர்வுகளையும் முதலிலிருந்து எழுதினார். தேறிய பிறகும் பெரிய மருத்துவமனைகள் கையை விரித்தன. ராணுவம்தான் வா என்றது. "கூப்பிட்டவங்க வீட்டுலதான் சாப்பிடணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் பிறந்தது ராணுவக் குடியிருப்பில்.

"வீட்டுல உங்க அம்மாதான் தளபதி. நான் உருளைக்கிழங்கு உரிக்கிற சிப்பாய்" என்பார். உண்மையாகவே உரிப்பார், தோல் ஒரே நாடாவாக வரும். என் பள்ளிப் பையை அவர் தைத்தால் பை போனாலும் தையல் போகாது. விடிந்ததும் முழங்காலிட்டு, அன்று யாருக்கு அறுவை சிகிச்சையோ அவர் பெயரைச் சொல்லி ஜெபம் செய்வார். "நேத்து போட்ட மனுவுக்கே பதில் வரல, இன்னிக்கும் போட்டாச்சா?" என்று அம்மா சீண்டுவாள். போர்முனைக்குப் போனாலும் ஞாயிறு தவறாமல் போனில் வந்து, என்னோடு வேதத்தில் ஒரு அதிகாரம் படிப்பார்.

மூன்றாவது முறை போனபோதுதான் அது நடந்தது.

ஒரு பிற்பகல், கூடார ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரை ஒன்றாகத் தூக்கி வந்தார்கள். மேசை இரண்டு, சர்ஜன் ஒருவர். ஒருவன் எங்கள் படைச் சிப்பாய், இருபத்திரண்டு வயது, தொடையில் காயம். மற்றவன் பிடிபட்ட எதிரி, வயிறு கிழிந்திருந்தது. எவன் நிலைமை மோசமோ அவனுக்கு முதலில் என்பதுதான் விதி. "நான் எங்கயும் ஓடிட மாட்டேன் டாக்டர், அவனைப் பாருங்க" என்று சிப்பாய் சிரித்திருக்கிறான். அப்பா கைதியின் வயிற்றைத் திறந்தார். சிப்பாயின் நெஞ்சுக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் நர்ஸ் கத்தினாள். அப்பாவின் விரல்களுக்கிடையே கைதியின் ரத்தக்குழாய் இருந்தது. விட்டால் இவன் செத்துவிடுவான். அவர் விடவில்லை. அடுத்த மேசையில் சிப்பாய் இறந்தான். மூன்றாம் நாள் கைதியும் இறந்தான்.

விசாரணையில் அவர்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தீர்ப்பு வேறு. "எங்கிருந்தோ வந்தவன் எங்கிருந்தோ வந்தவனைத்தானே காப்பாத்துவான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் தட்டை வைத்ததும் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

வீடு திரும்பியதும் அப்பா சிப்பாயின் தாய்க்குக் கடிதம் எழுதினார். உங்கள் மகன் இறந்தபோது நான் அங்கே இருந்தேன், எப்போது வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம் என்று மட்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த அம்மா வந்துவிட்டார். ஆறு மணி நேர பஸ் பயணம். என் அம்மா வைத்த தேநீரை அவர் தொடவில்லை. எனக்குப் பதினாறு வயது; சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"துடிச்சானா டாக்டர்?"

"கடைசியில, பத்து நிமிஷம். ஆமாம்மா."

"நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. நான் அடுத்த மேசையில இருந்தேன்."

"அங்க யாரு?"

அம்மா இருமினாள். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை.

"பிடிபட்ட எதிரி ஒருத்தன். அவனுக்கு ரத்தம் வெளிய கொட்டிட்டு இருந்துச்சு. உங்க மகனுக்கு உள்ளுக்குள்ள போனது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும். தெரியல."

அந்த அம்மா தன் கைகளைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த அண்ணனின் படத்தைப் பார்த்தார்.

"உங்க மகனா?"

"ஆமா. காலேஜ்ல இருக்கான்."

"நல்லா இருங்க" என்றார். எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடியபடி இன்னொரு முறை, "எல்லாரும் நல்லா இருங்க" என்றார். வாழ்த்துகிற வார்த்தைதான். எனக்குச் சாபம் போலக் கேட்டது.

கதவு சாத்தியதும் அம்மா வெடித்தாள். "கையைப் பிடிச்சிட்டு இருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? பெத்தவ வயித்துல நெருப்பைக் கொட்டி அனுப்பிட்டீங்களே!"

"காலையில கடவுள்கிட்ட உண்மை பேசிட்டு, மதியம் அவங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

"அப்ப உங்க நிம்மதிக்குத்தான் சொன்னீங்க."

அப்பா ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். அவள் சொன்னது சரியென்று நினைத்திருப்பார் போல.

அதன்பின் பதினோரு மாதம் அறுவை சிகிச்சை செய்தார். பிறகு தானே கேட்டு, ஊனமான சிப்பாய்களைப் பரிசோதித்துச் சான்று எழுதும் அலுவலகத்துக்கு மாறினார். வருடம் ஒருமுறை, அதே தேதியில், அந்த அம்மாவுக்குக் கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அண்ணன் தேவாலயத்துக்கு வருவதை நிறுத்தினான். "உங்க கடவுள் அன்னிக்கு எந்த மேசையில இருந்தார்?" என்று அப்பாவிடமே கேட்டான். அப்பா அவனுக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்; கரண்டி அப்படியே நின்றது. "தெரியலப்பா. சாப்பிடு" என்றார்.

ஒன்பது வருடம் கழித்துக் கணையத்தில் புற்றுநோய். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாலு மாசம்" என்று அவரே சொன்னார். மூன்றுதான் கிடைத்தது. முழங்காலிட முடியாமல் போனபோது படுத்தபடியே ஜெபித்தார். ஒருநாள், வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, அந்த நாள் திரும்ப வந்தா யாரை முதல்ல எடுப்பீங்க?"

கண்ணை மூடிக்கொண்டார்.

"அதே ஆளைத்தான்மா. வேற மாதிரி செய்வேன்னு சொல்ல முடிஞ்சா, மன்னிப்பாவது கேக்கலாம்."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் இறந்தார். ராணுவம் ஒரு கொடியும் ஆறு பேரையும் அனுப்பியது. அவரோடு கூடாரத்தில் இருந்தவர்களில் அந்த நர்ஸ் மட்டும் வந்தார். அண்ணன் பெட்டியைத் தூக்கினான். ஜெபம் தொடங்கியதும் வெளியே போய் நின்றுகொண்டான்.

அந்த அம்மாவுக்கு நான் நாலு வரி எழுதினேன், என் போன் நம்பரோடு. இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது.

"உன் லெட்டரைப் படிச்சேன். வருஷா வருஷம் அவர் போட்டது எல்லாம் அப்படியே இருக்கு. பிரிக்கல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உங்க அம்மா தனியா இருக்காங்களா?"

"இல்லம்மா, நான் அவங்ககூட இருக்கேன்."

"கூடவே இரு" என்றார். போனை வைத்துவிட்டார்.